பழியெல்லாம் பனி மேல

நாகலெட்சுமி: கீரையா? கொட்டகலையில கெடைக்காத கீரையா சம்மந்தி? அதுக்கா ஹட்டன் வரைக்கும் பஸ் ஏறி வந்தீங்க?

வேலாயி: இது... வேற மாதிரி கீரைங்க. ஒடம்புக்கு நல்லது.

நாகலெட்சுமி: அப்புடியா... முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன்.

வேலாயி: கை வலிக்குதுன்னு மாத்திப் புடிச்சேன். ஆமா, நீங்க மட்டும் என்னாவாம்? மஸ்கெலியாவுலேருந்து தனியா வந்திருக்கீங்க?

நாகலெட்சுமி: வர்ற வெள்ளிக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம்னா சும்மாவா? மஞ்சள் வாங்கணும், குங்குமம் வாங்கணும், அப்பறம்... மஞ்சள் வாங்கணும்.

வேலாயி: மஞ்சளே ரெண்டு தரம் வருதே!

நாகலெட்சுமி: நெறைய வேணும்ல. அத விடுங்க. கொட்டகலையில பனி எப்புடி?

வேலாயி: ஐயோ, கேக்காதீங்க. காலையில தண்ணியில கைய வச்சா கை நம்மதுதானான்னு சந்தேகம் வருது.

நாகலெட்சுமி: எங்க தோட்டத்துல மேல் மலைத் தேயிலைக் கொழுந்து பூரா கருகிப் போச்சு. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்களத்துல நிக்கிறப்ப பல்லு கிட்டுது. நான் என்னா நெனச்சேன்னா... இந்தப் பனியில கல்யாணத்த வச்சா, வர்றவங்க பாவம்ல?

வேலாயி: அதத்தான் நானும் நெனச்சேன்! கொழும்புலேருந்து வர்ற சொந்தமெல்லாம் வெறைச்சுப் போயிருவாங்க.

நாகலெட்சுமி: கொஞ்சம் பொறுத்தா வெயில் வந்துரும்...

வேலாயி: மாசி கடைசியில நல்ல முகூர்த்தம் ஒண்ணு இருக்குன்னு கோயில் ஐயர்கூட சொன்னாரு.

நாகலெட்சுமி: ஐயர் கிட்டயா கேட்டீங்க? எதுக்கு?

வேலாயி: சும்மா... பேச்சுவாக்குல.

நாகலெட்சுமி: நானும் எங்க ஐயர் கிட்ட கேட்டேன்... பேச்சுவாக்குல.

செல்லசாமி: யக்கோவ்! மஸ்கெலியா அக்கா! ஒங்க வேப்பிலைக் கட்ட இங்கயே வச்சிட்டுப் போறீங்களே! அட, கொட்டகலை அக்காவும் இங்கதான் நிக்கிறீங்களா? ஒங்க பையிலேருந்து ரெண்டு கொப்பு கீழ விழுந்திருச்சு பாருங்க.

நாகலெட்சுமி: கீரைன்னீங்க?

வேலாயி: மஞ்சள்னீங்க?

செல்லசாமி: கீரையா? ஏக்கா, இது தம்புள்ளை லொறியில வந்த வேப்பிலை. நம்ம மலையில இந்தக் குளிருக்கு வேப்பமரம் எங்க நிக்குது? கீரைன்னு சொல்லி யாருக்காச்சும் கடைஞ்சு போட்டுறாதீங்க, கசந்து செத்துருவாங்க.

வேலாயி: செல்லசாமி, நீ போய் ஒன் கடையப் பாரு.

செல்லசாமி: இதுதானுங்களே கடை. நீங்கதான் என் கடை முன்னால நிக்கிறீங்க.

நாகலெட்சுமி: எங்க... பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அம்மா போட்டிருக்கு சம்மந்தி. பாவம்னு வாங்கினேன்.

வேலாயி: எங்க பக்கத்து வீட்டுலயுந்தான். நானும் பாவம்னு...

செல்லசாமி: பக்கத்து வீடா? நேத்து வந்தப்ப மகளுக்குன்னுதானக்கா சொன்னீங்க? ‘கல்யாணப் பொண்ணு, மூஞ்சியில தழும்பு நிக்காம இருக்க என்னா செய்யலாம்’னுகூட...

நாகலெட்சுமி: ஒனக்கு வாயில பூட்டே கெடையாதா!

செல்லசாமி: ...ஐயையோ. இவங்கதான் அந்தச் சம்மந்தியம்மாவா?

நாகலெட்சுமி: சம்மந்தி... மறைக்கணும்னு இல்லீங்க. பிரியந்திக்குத்தான் போட்டிருக்கு. முந்தாநாள் காய்ச்சல்னு படுத்தா, நேத்துப் பாத்தா முதுகு பூரா முத்து. ஒங்க கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம நான் தூங்கவே இல்ல. கல்யாணத்துக்கு முன்ன பொண்ணுக்கு இப்புடி ஆயிருச்சே, சகுனம் சரியில்லன்னு நீங்க நெனச்சிட்டா... சம்மந்தி? ஏன் மூஞ்சிய மூடிக்கிறீங்க? ...அழறீங்களா?

வேலாயி: ...ஹூம்... ஹூம்...

நாகலெட்சுமி: சிரிக்கிறீங்களா? எம்பொண்ணு அங்க வாழையிலையில படுத்துக் கெடக்கா, நீங்க சிரிக்கிறீங்களா?

வேலாயி: கோச்சுக்காதீங்க... என்னால முடியலங்க... எங்க நிரஞ்சனும் வாழையிலையிலதான் கெடக்கான்!

நாகலெட்சுமி: என்னா?

வேலாயி: அதே முத்து! மூஞ்சியில ஒரு எடம் பாக்கியில்ல. கண்ணாடியப் பாத்துட்டு, ‘அம்மா, தாலி கட்டுறப்ப பொண்ணு பயந்து ஓடிரும்’னு அழுதான். முப்பது வயசுப் புள்ள!

நாகலெட்சுமி: அவ மட்டும் என்னாவாம்? ‘போட்டோவுல என் மூஞ்சி பேக்கரி ஜாம் பணிஸ் மாதிரி இருக்கும்மா’ன்னு ஒரே அழுகை!

செல்லசாமி: அப்ப ரெண்டு கட்டு பத்தாதேக்கா. இன்னும் ரெண்டு...

வேலாயி: நீ சும்மா இரு! அப்பாடா... இப்பத்தான் மூச்சு வருது. நான் ஒங்க கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பனி, கொழும்புச் சொந்தம்னு அளந்துக்கிட்டு இருந்தேன்.

நாகலெட்சுமி: நானுந்தாங்க! நீங்க ‘ஆமா ஆமா’ன்னதும் எனக்கே ஆச்சரியம். என்னாடா, இந்தம்மா இம்புட்டு நல்லவங்களான்னு.

வேலாயி: நல்லவளா? கல்யாணத்த நீங்களா தள்ளி வச்சா கெட்ட பேரு ஒங்களுக்குத்தான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்!

நாகலெட்சுமி: அடப்பாவி சம்மந்தி!

வேலாயி: வெளையாட்டுக்குச் சொல்றேன். உண்மையில எனக்குப் பயம் மூத்தவள நெனச்சுத்தாங்க. அவளுக்கு ஆறு மாசம். சின்னப் புள்ளையில அவளுக்கு அம்மா போடவே இல்ல. கல்யாணத்துக்குன்னு மாமியா வீட்டுலேருந்து பெட்டி கட்டிட்டு நின்னா. டொக்டரு தெளிவாச் சொல்லிட்டாரு, வயித்துப் புள்ளக்காரி இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு. ‘வராத தாயி, இப்ப வராத’ன்னு போன்ல சொல்லித் தடுத்துட்டேன்.

நாகலெட்சுமி: வரலதானே? படி மிதிக்கலதானே?

வேலாயி: மிதிக்கல. மாரியாத்தா காப்பாத்துனா.

நாகலெட்சுமி: அது போதும். அவ புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கல்யாணத்துக்கு வந்தாலும் பரவாயில்ல, அது வரைக்கும்கூட தள்ளி வைப்போம்.

வேலாயி: அம்புட்டெல்லாம் வேணாம். எம்மவன் தாங்க மாட்டான்.

செல்லசாமி: எல்லாம் இந்தப் பனிக்காத்து கொண்டாந்து போடுறதுக்கா. நான் வானத்தப் பாத்துத்தான் சரக்கு எடுப்பேன். மழை புடிச்சா கொத்தமல்லி, இஞ்சி. பனி விழுந்தா வேப்பிலை. ஒரு வருசம் தப்பினதில்ல.

வேலாயி: காத்து கொண்டாரலயாம். அதத்தான் டொக்டரு கிட்ட நானும் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

செல்லசாமி: என்னா சொன்னாரு?

வேலாயி: ‘பனி மேல பழியப் போடாதீங்கம்மா. பனிக்குப் பயந்து நீங்க என்னா செய்றீங்க? கதவச் சாத்துறீங்க, சன்னலச் சாத்துறீங்க, இடுக்குல துணிய வச்சு அடைக்கிறீங்க. ஒரே காம்பராவுல அடுப்பச் சுத்தி ஏழு பேரு படுக்கிறீங்க. ஒருத்தர் விட்ட மூச்சத்தான் இன்னொருத்தர் இழுக்கிறீங்க. இந்தக் கொப்புளிப்பான் அம்மைக்கு அது போதும்’னாரு.

நாகலெட்சுமி: எங்க டொக்டரம்மாவும் அதேதான். ‘வெயில் காஞ்சா நீங்களே வாசலுக்கு வந்துருவீங்க, நோயும் கொறைஞ்சிரும்’னாங்க. அதோட, இன்னிக்கு முத்து போட்டா இன்னிக்கு ஒட்டினது இல்லியாம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே எங்கயோ ஒட்டியிருக்குமாம்.

வேலாயி: ஆமா, எங்க கிட்டயும் கேட்டாங்க, ரெண்டு வாரத்துக்கு முன்ன பையன் எங்க போனான்னு.

நாகலெட்சுமி: எங்க போனாரு மாப்ள?

வேலாயி: எங்க போவான்... ஹட்டன்ல அந்தப் போன் கடை வேலதான். பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம மட்டும் நுவரெலியா போனான். கடைக்கு என்னமோ சாமான் வாங்கணும்னு.

நாகலெட்சுமி: பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையா?

வேலாயி: ஏன்?

நாகலெட்சுமி: ஒண்ணுமில்ல... பிரியந்தியும் அன்னிக்குத்தான் கந்தப்பளைக்குப் போனா. கூடப் படிச்ச புள்ள வீட்டுக்கு.

செல்லசாமி: கந்தப்பளைக்கு நுவரெலியா வழியாத்தானக்கா பஸ்ஸு.

நாகலெட்சுமி: ஒன்னய யாரு கேட்டா?

வேலாயி: பனின்னா பனி அன்னிக்கு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒரு சன்னல்கூடத் தொறக்கலையாம். உள்ள மூச்சு முட்டிப் போச்சாம். பக்கத்துல ஒரு பொம்பள, கம்பளியில சுத்துன புள்ளையோட. அந்தப் புள்ள மூஞ்சி பூரா முத்தாம். அதுலதான் ஒட்டியிருக்கும்னு டொக்டரு சொல்றாரு. அதோட விட்டுச்சா? ரதல்ல வளைவுல பஸ் திரும்புறப்ப அந்தப் புள்ள எம்மவன் கால் சப்பாத்து மேலயே...

நாகலெட்சுமி: வாந்தி எடுத்துருச்சா?

வேலாயி: ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?

நாகலெட்சுமி: ...பிரியந்தி துப்பட்டாவுலயும் எடுத்துருச்சு.

வேலாயி: அதே புள்ளையா?

நாகலெட்சுமி: கம்பளியில சுத்துன புள்ள. மூஞ்சி பூரா முத்து. ரதல்ல வளைவு.

செல்லசாமி: ஒரு வாந்தி, அவரு சப்பாத்துலயும் இவங்க துப்பட்டாவுலயும் விழணும்னா... எம்புட்டு பக்கத்துல ஒக்காந்திருக்கணும்?

வேலாயி: செல்லசாமி!

செல்லசாமி: கணக்குத்தான் பாத்தேங்க.

நாகலெட்சுமி: ஐயோ! என்னா அநியாயம் இது! பொண்ணு பாக்க வந்தப்ப ரெண்டும் தலையத் தூக்கவே இல்லியே!

வேலாயி: ‘பொண்ணு பேரு என்னாம்மா’ன்னு என் கிட்ட கேட்டான் சம்மந்தி! பேரு தெரியாதவன் மாதிரி!

நாகலெட்சுமி: இவ ‘மாப்ள கொஞ்சம் கறுப்புல்ல’ன்னா!

வேலாயி: கறுப்புன்னா சொன்னா? எம்மவனையா?

நாகலெட்சுமி: நடிச்சிருக்காங்க! நம்ம ரெண்டு பேரையும் வச்சு நாடகம் ஆடியிருக்காங்க!

செல்லசாமி: அம்மா போட்டுக் காட்டிக் குடுத்துருச்சு.

வேலாயி: இப்ப என்னா பண்றது? ஒங்க வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்சா?

நாகலெட்சுமி: அதத்தான் நெனைக்கிறேன். அவரு தங்கச்சி ஒருத்தி விரும்பிக் கட்டிக்கிட்டுப் போனா. இன்னிக்கு வரைக்கும் அவ பேர வீட்டுல சொல்லக் கூடாது. ‘எம்பொண்ணு நான் காட்டுன மாப்ளையக் கட்டுறா’ன்னு தேயிலை இஸ்டோருக்குள்ள போற வர்றவங்க கிட்டயெல்லாம் பெருமை வேற. இது தெரிஞ்சா பந்தக்கால புடுங்கிருவாரு.

வேலாயி: அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போட்டது அவருக்குத் தெரியக் கூடாது.

நாகலெட்சுமி: தெரியாம எப்புடி... இந்தா, போன் அடிக்குது. அவருதான்! கையில கட்டு... செல்லசாமி, இதப் புடி... எத அமுக்குறது...

செல்லசாமி: நான் அமுக்குறேன். இந்தாங்க, சத்தமாவே கேக்கும். பேசுங்க.

அழகன் (போனில்): ஏ லெட்சுமி! எங்க இருக்க?

நாகலெட்சுமி: ஹட்டன்லதாங்க. வேப்பிலை வாங்கிட்டேன். புள்ள எப்புடி இருக்கா?

அழகன்: காய்ச்சல் எறங்கிருச்சு. கஞ்சி குடிச்சா. சொறியாதன்னா கேக்க மாட்டேங்கிறா. அத விடு. சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்துட்டுப் போனாரு. ரெண்டு வாரத்துக்கு முன்ன எங்க போனான்னு கேட்டாரு. கந்தப்பளைன்னு சொன்னேன். கந்தப்பளைதான?

நாகலெட்சுமி: கந்தப்பளைதாங்க. வேற எங்க?

அழகன்: இன்னொண்ணு கேள்விப்பட்டேன். மாப்ளைக்கும் அம்மா போட்டிருக்காமே? கொட்டகலை பஸ்ஸுல வந்த நம்ம பய ஒருத்தன் சொன்னான்.

நாகலெட்சுமி: அப்... அப்புடியா?

அழகன்: அது எப்புடி லெட்சுமி, இங்க ஒருத்திக்கும் அங்க ஒருத்தனுக்கும் ஒரே நேரத்துல?

நாகலெட்சுமி: அது... அது வந்துங்க...

வேலாயி: அண்ணே, நான் வேலாயி பேசுறேன். இங்க கடையில ஒண்ணாத்தான் நிக்கிறோம்.

அழகன்: ஆங்... வாங்க தங்கச்சி. தம்பிக்கு எப்புடி?

வேலாயி: பரவாயில்லண்ணே. எங்க லயத்துல ஒரு வீடு பாக்கியில்ல. எல்லாம் இந்தப் பனி. பனிக்குப் பயந்து எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கோம்ல, ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்கு ஒட்டுதுன்னு டொக்டரே சொல்றாரு. கொட்டகலையில கதவு சாத்துனா கொட்டகலையில. மஸ்கெலியாவுல சாத்துனா மஸ்கெலியாவுல.

அழகன்: அதுஞ்சரி... இங்கயும் மேல் லயத்துல போட்டிருக்கு. ஆனா ஒரே நாள்ல...

செல்லசாமி: அண்ணே, வணக்கம்ணே! நான் வேப்பிலை யாவாரி செல்லசாமி!

அழகன்: யாருப்பா அது?

செல்லசாமி: இந்த வாரம் மட்டும் வேப்பிலை ரெண்டு லொறி எறக்கிட்டேன்ணே! மஸ்கெலியா, கொட்டகலை, நோர்வூட்டு, பொகவந்தலாவை, ஒரு தோட்டம் விடாம வந்து வாங்குறாங்க. நேத்து ஒரு தொரை வீட்டு ஆளே வந்தாருண்ணே!

அழகன்: தொரைக்குமா?

செல்லசாமி: பனிக்குத் தொரையும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான். அவரும் கதவச் சாத்திட்டுத்தான படுக்கிறாரு!

அழகன்: ஹஹ்ஹா... அதுஞ்சரிதாம்ப்பா. லெட்சுமி!

நாகலெட்சுமி: சொல்லுங்க...

அழகன்: நான் ஒண்ணு சொல்லவா? எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

நாகலெட்சுமி: என்னாங்க சொல்றீங்க?

அழகன்: பின்ன என்னா? பத்துப் பொருத்தம் பாத்தோம். இது பதினொண்ணாவது. நான் பாத்த மாப்ளைன்னா சும்மாவா? ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சரியாப் பாத்ததுகூட இல்ல, அதுக்குள்ள ஆத்தா ரெண்டு பேரு வீட்டுக்கும் ஒண்ணா வந்திருக்கா பாரு!

வேலாயி: ...க்கும்... ஆமாண்ணே. எல்லாம் அவ செயல்.

அழகன்: கல்யாணத்த மாசிக்குத் தள்ளுவோம் தங்கச்சி. யாராச்சும் கேட்டா பனின்னு சொல்லிருவோம். தம்பிய சொறிய வேணாம்னு சொல்லுங்க. குளிருனா கம்பளியப் போத்திக்கிடட்டும், ஆனா சன்னலத் தொறந்து வைங்க. நானும் இங்க தொறந்துட்டேன். வைக்கிறேன்.

நாகலெட்சுமி: வச்சிட்டாரா?

செல்லசாமி: வச்சிட்டாருக்கா. நல்லா அமுக்கிட்டேன், ஒண்ணும் கேக்காது.

வேலாயி: ஐயோ, என் வயிறு... சிரிக்காம இருக்க நான் பட்ட பாடு...

நாகலெட்சுமி: ‘சரியாப் பாத்ததுகூட இல்ல’யாம்! சப்பாத்தும் துப்பட்டாவும் சேந்து நனைஞ்சிருக்கு!

செல்லசாமி: பதினொண்ணாவது பொருத்தமாம்! அக்கா, கல்யாணத்துக்கு மாவிலை, வாழைக்குலை எல்லாம் என் கிட்டத்தான். இல்லன்னா அண்ணனுக்கு நானே ஒரு போன் கோல் எடுத்து...

வேலாயி: எடுப்பியா? எடுத்துப் பாரு!

செல்லசாமி: சும்மாக்கா, சும்மா! அந்தா, அங்க ஒருத்தர் வேப்பிலை கேக்குறாரு... வர்றேன், வர்றேன்!

நாகலெட்சுமி: போயிட்டான். ...வாங்க, பஸ்ஸு வர்ற வரைக்கும் அந்த வெயில்ல நிப்போம். அப்பாடா, எத்தன நாளைக்கப்பறம் முதுகுல சூடு ஏறுது.

வேலாயி: நல்லா இருக்குல்ல. இன்னிக்குப் பனி கொஞ்சம் கொறைச்சல்தான்.

நாகலெட்சுமி: சம்மந்தி...

வேலாயி: ம்?

நாகலெட்சுமி: ஒண்ணு கேக்கவா? ‘அநியாயம்’னு நான் கத்துனேன், நீங்களும் கத்துனீங்க. ஆனா ஒங்க மூஞ்சியில கோவமே இல்லியே.

வேலாயி: ஒங்க மூஞ்சியில மட்டும் இருந்துச்சா?

நாகலெட்சுமி: ...இல்ல.

வேலாயி: ஏன் இல்ல?

நாகலெட்சுமி: சொன்னா என்னயத் தப்பா நெனைக்கக் கூடாது.

வேலாயி: சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இனி என்னா இருக்கு?

நாகலெட்சுமி: கந்தப்பளைக்குப் போறான்னு அவங்கப்பா கிட்டச் சொன்னது அவ இல்லீங்க. நானு. அவ ஒங்க மவனப் பாக்கத்தான் போறான்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு நேத்தா, மூணு வருசமாத் தெரியும். என் மடியில படுத்து அழுதுட்டுச் சொன்னா. அவங்கப்பா கிட்ட நேராப் போனா நடக்காது. அதான் கல்யாணத் தரகரக் கூப்புட்டு, கொட்டகலையில நிரஞ்சன்னு ஒரு பையன் இருக்கான், நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி எங்க வீட்டுக்காரர் கிட்டச் சொல்லுங்கன்னு... சம்மந்தி? கோவமா? ஏன் அப்புடிப் பாக்குறீங்க?

வேலாயி: கோவம் இல்லீங்க... தரகரு சொன்னதும் ஒங்க வீட்டுக்காரரு ஒடனே தலையாட்டினாரே, அது எப்புடின்னு நெனைக்கிறீங்க? அதுக்கு முந்துன வாரமே அதே தரகரு கிட்ட, மஸ்கெலியாவுல பிரியந்தின்னு ஒரு பொண்ணு இருக்கு, நாங்க தேடி வர்ற மாதிரி அவங்கப்பா காதுல போட்டு வைங்கன்னு சொன்னதே நாந்தான். அந்த ஞாயித்துக்கெழமகூட, ‘பனி சாஸ்திடா, அந்தப் புள்ளைக்கும் சேத்து ஒரு சால்வைய எடுத்துட்டுப் போடா’ன்னு அவன் கையில குடுத்து அனுப்பினவ நானு!